ஆயுத பூஜை விடுமுறையில் உழைத்த வருடங்களைத் திரும்பிப் பார்ப்பது எப்படி

ஆயுத பூஜையும் விஜயதசமியும் சனி, ஞாயிறை ஒட்டி வருகிற வருடங்களில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்த மூன்று நான்கு நாட்களில், இத்தனை காலம் நீங்கள் பார்த்த வேலையை எடுத்து வைத்து ஒரு முறை முழுதாகப் பாருங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை. நாற்பது வயதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவருக்கும் எடுத்துப் பார்க்க நிறைய இருக்கும்.

நான் அச்சகத் தொழிலாளி. 1981-ல் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் ஃபாரம் (பல பக்கங்கள் சேர்த்து அச்சான பெரிய தாள்) மடிக்கச் சேர்ந்தேன். பிறகு அச்சுக்கோக்க, அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்கக் கற்றுக்கொண்டேன். ஈய எழுத்து போய்க் கம்ப்யூட்டர் வந்ததும் அதில் பக்கம் அமைக்கிற டி.டி.பி. ஆபரேட்டர் ஆனேன். இப்போது வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கிறேன், அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துகிற வேலை. இந்தத் திரும்பிப் பார்க்கிற வேலையை எனக்குச் செய்துகொண்டேன். அம்பத்தூரில் லேத் ஓட்டிய என் வீட்டுக்காரருக்கும், மாடி வீட்டு கண்டக்டர் அண்ணனுக்கும் கூட இருந்து செய்துகொடுத்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாரைக் கேட்டாலும் முதலில் பதவியும் சம்பளமும்தான் வரும். எந்த வருடம் சூப்பர்வைசர் ஆனார், எப்போது வேலை நிரந்தரமானது, கடைசியில் எவ்வளவு வாங்கினார். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். கூட வேலை பார்த்தவன் எங்கே போய்விட்டான், நாம் எங்கே நிற்கிறோம் என்ற நினைப்புதான் மிஞ்சும். அந்த வழியில் போகாதீர்கள். கை என்ன செய்தது, அதை யார் சொல்லிக் கொடுத்தார், செய்த பொருள் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு போங்கள். பதவியே உயராதவர்களுக்கும், பத்து இடம் மாறியவர்களுக்கும், கம்பெனி மூடிப்போய் வெளியே வந்தவர்களுக்கும் இந்த வழியில் சொல்ல விஷயம் இருக்கும். எனக்குத் தெரிந்த உழைப்பாளிகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான்.

இதற்கு ஆயுத பூஜையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று கருவியையும் புத்தகத்தையும் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் புனர்பூஜை முடிகிறவரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. இந்த வழக்கம் நமக்கு நல்ல வசதி. முந்தின நாட்களில் தேடி எடுக்க வேண்டும், பூஜை நாளில் பார்க்கவும் பேசவும் மட்டும் வேண்டும், விஜயதசமி அன்றுதான் எழுத வேண்டும். எடுத்ததும் எழுத உட்கார்ந்தால் ஏற்கெனவே பல முறை சொல்லிப் பழகிய கதைதான் காகிதத்தில் வரும். ஒரு நாள் பேனாவைத் தொடாமல் இருந்தால் மறந்துபோனவை மேலே வரும்.

முந்தின நாட்கள்: காகிதம் தேடுவது

பூஜைக்காக எப்படியும் பரணையும் பீரோவையும் ஒழிப்போம். அப்போது எதையும் எடைக்குப் போடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த ஆர்டர், பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, போனஸ் கவர், அடையாள அட்டை, பஸ் பாஸ், தீபாவளிக்கு எடுத்த குரூப் போட்டோ என்று எது கிடைத்தாலும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டே வாருங்கள். அந்த நேரத்தில் வரிசைப்படுத்த வேண்டாம். பால் கணக்கு எழுதிய பழைய காலண்டர் தாள்களையும் பாருங்கள். "ஓ.டி.", "நைட்" என்று ஓரத்தில் எழுதியிருப்போம். என் வீட்டுக்காரர் எந்தெந்த மாதம் இரவு ஷிஃப்ட் போனார் என்பது அப்படித்தான் தெரிந்தது. பில், ஏ.டி.எம். சீட்டு போன்ற வழவழப்பான தாள்களில் எழுத்து மங்கிப் போகும். அவற்றை உடனே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பி.எஃப். காகிதத்தை மட்டும் தனியாக வையுங்கள். அதில் நினைவோடு பணமும் இருக்கிறது. ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இரண்டு மூன்று கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்த்தவர்கள் அந்தச் சேவைக் காலங்களைச் சேர்த்துக் காட்டலாம். யு.ஏ.என். என்கிற ஒற்றை எண் 2014-ல்தான் வந்தது. அதற்கு முன்பே வேலையை விட்டவர்களுடைய பழைய கணக்குகள் அந்த எண்ணோடு சேராமல் கிடக்கலாம். கணக்கு எண், கம்பெனி பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, விடுமுறை முடிந்ததும் ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கிற பி.எஃப். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இருபது பேருக்குக் குறைவாக இருந்த பட்டறைகளுக்கு பி.எஃப். சட்டம் பொருந்தாது. சின்ன அச்சகங்கள் பலவற்றில் அதனால்தான் பி.எஃப். இல்லை. காகிதமே கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். சம்பள ரிஜிஸ்டரில் பேர் ஏறாத உழைப்பும் உழைப்புதான். அதை வேறு வழியில் பிடிக்கலாம்.

காகிதம் கிடைத்தும் தேதி இல்லாமல் இருக்கும். இந்த இடத்தில் அச்சகத்தில் இருந்தவள் என்ற முறையில் நான் கொஞ்சம் உதவ முடியும். லெட்டர்ஹெட், பில் புக், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் அதன் வயது அதிலேயே இருக்கிறது. ணை, லை, ளை, னை ஆகியவை பழைய கொம்பு வடிவத்தில் இருந்தால், அது பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், நான் வேலை கற்ற கேஸ்களில் (எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கிற தட்டுகள்) பழைய எழுத்துகள் அதற்கப்புறமும் கிடந்தன. ஈய எழுத்து தேய்கிறவரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருந்தால் ஏறக்குறைய 1996-க்கு முன். அந்த வருடம் பெயர் மாறியதும் பழைய லெட்டர்ஹெட்டைத் தூக்கிக்கொண்டு எத்தனை கம்பெனிக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள்! தொலைபேசி எண்ணையும் எண்ணிப் பாருங்கள். ஆறு இலக்கம் ஏழாகி, 2000-களின் தொடக்கத்தில் முன்னால் ஒரு 2 சேர்ந்து எட்டானது. விலைக்கு முன்னால் இப்போது போடுகிற ரூபாய்க் குறி இருந்தால் 2010 ஜூலைக்குப் பிறகு. பஸ் பாஸில் பல்லவன் என்று, சென்னை பஸ் கழகத்தின் அப்போதைய பேர் இருந்தால் 1972-க்குப் பிறகு, 90-களின் முடிவுக்கு முன்.

காகிதத்திலும் பிடிபடாத வருடங்களை ஊருக்கு நடந்தவற்றோடு சேர்த்துப் பாருங்கள். "எந்த வருடம் அந்தக் கம்பெனியை விட்டீங்க?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எம்.ஜி.ஆர். செத்தப்போ எங்கே வேலை?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அது 1987 டிசம்பர் 24. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1995. சுனாமி 2004 டிசம்பர் 26. பெருவெள்ளம் 2015 டிசம்பர், வர்தா புயல் அடுத்த வருடம் டிசம்பர் 12. ஒரு நீளத் தாளில் இவற்றை எழுதி, இடையிடையே உங்கள் வேலையைச் செருகிக்கொண்டு போங்கள். வீட்டு விசேஷங்களையும் சேருங்கள். பெண்களுக்கு இது இன்னும் நன்றாக உதவும், ஏனென்றால் பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டுத் திரும்பச் சேர்ந்த காலம் எந்தச் சான்றிதழிலும் இருக்காது. குழந்தையின் வயதில்தான் இருக்கும்.

செய்த பொருளைத் தேடிப் போவது

இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். என்னுடைய இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

புத்தகத்தில் எழுதியவர் பேர் இருக்கும், பதிப்பித்தவர் பேர் இருக்கும், அச்சுக்கோத்தவர் பேர் இருக்காது. ஆனால் அச்சிட்ட இடத்தின் பேர் இருக்கும். 1867-ல் வந்த அச்சகச் சட்டம் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பேரும் ஊரும் இருக்க வேண்டும் என்றது. தேர்தல் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருப்பதும் சட்டப்படிதான். ஆகவே எந்த வருடம் எந்த அச்சகத்தில் இருந்தேன் என்று தெரிந்தால், என் கை பட்ட புத்தகங்களைத் தேட முடியும். எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ல் திறந்தது. 1954-ல் வந்த சட்டப்படி, இந்தியாவில் வெளியாகிற புத்தகங்களில் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். நான் அங்கே போய், 80-களில் கோத்த ஒரு பாடநூல் உரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது ஃபாரத்தில் ஓர் அட்டவணை. கட்டம் கட்டமாகப் பித்தளை ரூல் (கோடு விழுவதற்கான பட்டை) வைத்து அதைக் கட்டியது நான். கோடுகள் மூலையில் சேருகிற இடத்தில் இடைவெளியே இல்லை. ஃபோர்மேன் அதைத்தான் பார்ப்பார். மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நூலகத்துக்கு அரசு விடுமுறை நாளில் போய் ஏமாறாதீர்கள், பூஜைக்கு முன்பே போய்விடுங்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் தேடுகிறவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது.

நீங்கள் அச்சுத் தொழிலில் இல்லை என்றாலும் இது பொருந்தும். கொத்தனார் தான் பூசிய சுவரைப் போய்ப் பார்க்கலாம். தச்சர் தான் செய்த கதவைப் பார்க்கலாம். கண்டக்டர் அண்ணன் நீண்ட காலம் 29சி பஸ்ஸில் இருந்தார். பெரம்பூரில் ஏறிப் பெசன்ட் நகர்வரை சும்மா பயணியாக உட்கார்ந்து போய்வரச் சொன்னேன். முதலில் தயங்கினார். போய்விட்டு வந்து, எந்த ஸ்டாப்பிங்கில் யார் ஏறுவார்கள், எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியில் தொங்குவார்கள், எந்த அம்மா பூக்கூடைக்கு லக்கேஜ் கேட்டதற்குச் சண்டை போடுவார் என்று இரவு முழுக்கப் பேசினார். அதுவரை அவர் தன் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இடம் இருக்காது என்ற பயம் சிலருக்கு உண்டு. நான் முதலில் சேர்ந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ஆனால் தெரு இருக்கிறது. எதிரே டீக்கடை வேறு ஒருவர் கையில் இருக்கிறது. வாசலில் நின்று, உள்ளே எது எங்கே இருந்தது என்று மனதுக்குள் நடந்து பாருங்கள். நடந்து பார்க்கும்போது ஆட்களும் வருவார்கள். ராயப்பேட்டை ஜானி ஜான் கான் ரோட்டில் நடந்தால் ஆஃப்செட் மெஷின் சத்தம் இன்னும் கேட்கிறது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளும் பத்திரிகைக் கடைகளும் இருக்கின்றன. அங்கேயெல்லாம் பழைய ஆட்கள் யாராவது ஒருவர் தென்படுவார்.

பொருளே இல்லாத வேலைகள் உண்டு. நர்ஸ், ஆசிரியர், கேஷியர், வீட்டு வேலை செய்கிறவர். அவர்களுக்கு யார் என்றுதான் தேட வேண்டும். அவர் கையில் தேறியவர், அவரிடம் படித்தவர், அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. ஒருவரையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பூஜை நாள்: பேனா வேண்டாம்

காலையில் உங்கள் வேலையின் கருவியை எடுத்துப் பூஜையில் வையுங்கள். கருவி என்றால் ஸ்பேனர், தையல் மெஷின் மட்டும் இல்லை. கண்டக்டர் அண்ணன் விசிலை வைத்தார். வங்கியில் இருந்த என் நாத்தனார் கால்குலேட்டரும் ரப்பர் ஸ்டாம்பும் வைப்பார். என்னிடம் இருப்பது ஒரு கம்போஸிங் ஸ்டிக், ஈய எழுத்துகளை வரிசையாகக் கோக்கிற இரும்புத் தட்டு. அச்சகம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டபோது ஃபோர்மேன் எனக்கு எடுத்துக் கொடுத்தது. அதைத் துடைத்துச் சந்தனம் வைக்கிற நேரத்திலேயே பாதி நினைவு வந்துவிடும்.

சுண்டலும் பொரியும் ஆனபிறகு வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, வேலையைக் கையால் செய்து காட்டுங்கள். வாயால் விளக்க வேண்டாம். "அச்சுக்கோத்தேன்" என்று சொன்னால் ஒரு வரிதான். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, கட்டை விரலால் வரியை அணைத்துக்கொண்டு, வலது கை கேஸில் எந்த அறையில் எந்த எழுத்து என்று பார்க்காமலே போய் எடுப்பதைக் காட்டினால்தான் அது வேலை. கோத்த வரியைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிய எழுத்தாகப் படிக்க வேண்டும். வரி முடியாமல் மீந்தால் சொற்களுக்கு நடுவே இடைக்கட்டை செருகி இறுக்க வேண்டும். தளர்ந்திருந்தால் மெஷினில் எழுத்து எகிறிவிடும். தமிழுக்குக் கேஸ் பெரிது. உயிர்மெய் வரிசைகள் எத்தனை, கிரந்தம் வேறு. நின்றுகொண்டே நாள் முழுதும் கை நீட்டி எடுப்பதால் வலது தோள் வலிக்கும். எழுத்து ஈயமும் ஆன்டிமனியும் தகரமும் சேர்ந்த உலோகம், சாப்பிடப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆகவேண்டும். வேலை முடிந்த பக்கத்தைப் பிரித்து ஒவ்வொரு எழுத்தையும் அதன் அறையில் திரும்பப் போட வேண்டும். இதெல்லாம் என் கை அசையத் தொடங்கிய பிறகுதான் எனக்கே வரிசையாக வந்தது. என் வீட்டுக்காரர் வெறும் காற்றில் லேத் சக்கரத்தைச் சுற்றிக் காட்டியபோது, மைக்ரோமீட்டரை எந்த விரலால் திருகுவார் என்பதை முதல் முறையாகப் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல் போன் செய்யுங்கள். விடுமுறை நாள், அந்தப் பக்கமும் ஆள் வீட்டில் இருப்பார். வேலை கற்றுக்கொடுத்தவர் இருந்தால் முதலில் அவரிடம். இல்லையென்றால் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவரிடம். பல வருடம் பேசாதவரிடம் எடுத்ததும் "நம்ம வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றால் அவருக்கும் ஒன்றும் வராது. சின்னதாகக் கேளுங்கள். மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம், யார் முதலில் வந்து கதவு திறப்பார், கரண்ட் போனால் என்ன செய்வோம், பூஜைக்கு மெஷினைக் கழுவ மண்ணெண்ணெய் யார் வாங்கி வருவார். டிரெடில் என்கிற காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மெஷினில் இருந்த எங்கள் அண்ணனிடம் நான் கேட்டது, நான் வந்த புதிதில் எந்த மூலையில் உட்கார்ந்து ஃபாரம் மடித்தேன் என்றுதான்.

"ஜன்னலாண்டதான் குந்தினு இருப்பே. மழை வந்தா தாளை எல்லாம் மடியில போட்டு மூடிக்குவே. நனைஞ்சா காசு பிடிப்பாங்கன்னு."

"அது எனக்கு ஞாபகமே இல்லைண்ணே."

"எனக்கு இருக்கும்மா. நான்தானே கோணி எடுத்தாந்து ஜன்னல்ல கட்டுனேன்."

இப்படி உங்களைப் பற்றி இன்னொருவரிடம் இருக்கிற நினைவைக் கேட்டு வாங்குவதற்குத்தான் இந்த நாள். எழுதக் கூடாது என்பதால் முழுக் காதையும் கொடுத்துக் கேட்பீர்கள். பதிவு செய்ய வேண்டுமானால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் காலமாகிவிட்டார் என்று தெரிய வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கிறவரிடம், உங்கள் அப்பாதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்காது.

கசப்பும் வரும், வரட்டும். நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் ஒரே கேஸில் நின்று ஒரே பக்கத்தைக் கோத்தாலும் பெண்களுக்குக் கூலி குறைவு. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, வரவேண்டிய கோபம்தான். ஆனால் போன் பேச்சைக் குறையிலிருந்து தொடங்கினால் மற்ற எல்லாம் அதற்குள் போய்விடும். சாயங்காலத்துக்கு மேல் அதைப் பேசுங்கள், அதுவும் கூட இருந்து அனுபவித்தவரோடு பேசுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு குறைந்தது, யார் கேட்டார், கேட்டவருக்கு என்ன ஆயிற்று என்று விவரமாகப் பேசிவைத்தால் மறுநாள் எழுத முடியும்.

விஜயதசமி: எழுதுகிற நாள்

புனர்பூஜை முடிந்ததும் நோட்டை எடுங்கள். அன்று எதைத் தொடங்கினாலும் வளரும் என்று பிள்ளைகளை அரிச்சுவடிக்கு உட்கார வைக்கிற நாள், நமக்கும் நல்ல நாள்தான்.

"நான் இந்த ஊரில் பிறந்தேன்" என்று தொடங்காதீர்கள். ஒரே ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத சாதாரண நாள். வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதுவரை வரிசையாக எழுதுங்கள். எந்த பஸ், என்ன டிபன், முதலில் கையில் எடுத்தது எது, யார் அதட்டினார், டீ எப்போது வரும், எத்தனை மணிக்கு முதுகு வலிக்கும். வருடத்தை மேலே எழுதுங்கள். இந்த ஒரு நாள் ஒழுங்காக வந்துவிட்டால் மிச்சம் எல்லாம் அதிலிருந்து கிளை பிரிந்து வரும். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத மாட்டேன் என்று உட்கார்ந்தார். இருட்டிய பிறகுதான் எழுந்தார். வேலை செய்த இடத்தில் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். மடக்கு, கேலி (கோத்த வரிகளை வைக்கிற தட்டு), சேஸ் (பக்கத்தை இறுக்கிப் பூட்டுகிற இரும்புச் சட்டம்), ஜாப் என்று எங்களுக்கு வந்தது மாதிரி உங்களுக்கும் ஒரு பேச்சு இருக்கும். புரியாது என்று தோன்றினால் பக்கத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

அடுத்து, வேலை மாறிய இடங்கள். இதை நிதானமாக எழுதுங்கள். நம் தலைமுறையில் தொழிலே காலுக்கடியில் மாறியது. நான் வந்தபோது ஈயம். 90-களின் தொடக்கத்தில் டி.டி.பி. வந்து, டிரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து ஆஃப்செட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கேஸில் அறை தேடிய கை டைப்ரைட்டர் விசைப்பலகை பழகியது. ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவும் ஒரு மாதிரி இருக்கும். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தது, 2010-ல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றது. இந்தத் தேதிகளை எங்கேயும் படிக்கலாம். நீங்கள் எழுத வேண்டியது, அந்த மாற்றத்தில் உங்கள் கை எதை மறக்க வேண்டியிருந்தது, எது அப்படியே கூட வந்தது என்பதை. எனக்கு வரி அளவு பார்க்கிற கண் கூட வந்தது. சொற்களுக்கு நடுவே இடம் அதிகமானால் இன்றும் கம்ப்யூட்டர் சொல்வதற்கு முன் எனக்குத் தெரிந்துவிடும். கூட வர முடியாதவர்களையும் எழுதுங்கள். ஐம்பது வயதில் விசைப்பலகை முன்னால் உட்கார முடியாமல் வாட்ச்மேன் வேலைக்குப் போன அச்சுக்கோப்பாளர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம்தான் எழுத முடியும்.

பிறகு ஆட்கள். கற்றுக்கொடுத்தவர், கூட நின்றவர், உங்களிடம் கற்றுக்கொண்டவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி போதும். நல்லவர், தங்கமானவர் என்று எழுதாமல் அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். எங்கள் ஃபோர்மேன் புரூஃபில் தப்பு இருந்தால் திட்ட மாட்டார். அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நாமாகக் கண்டுபிடிக்கிறவரை. என்னிடம் டி.டி.பி. கற்ற பெண்களிடம் நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் தெரிந்தது.

இன்னும் வேலையில் இருக்கிறவர்கள் கடைசியாக ஒரு பக்கம் கூடுதலாக எழுத வேண்டும். இத்தனையும் எழுதியதில் எந்தப் பகுதி தானாக நீண்டது, எந்தப் பகுதி எழுத எழுத சோர்வு தந்தது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை மாறுவதா, இருப்பதா, பாதி நேரமாக்குவதா என்ற கேள்வி உங்களுக்கு இருந்தால், சம்பளக் கணக்கோடு இதையும் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டாம்.

எழுதும்போது ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், வரிக்கு வரி இடம் விடுங்கள், இடது ஓரத்தில் மூன்று விரல் அகலம் காலியாக இருக்கட்டும். புரூஃப் பார்க்கிறவள் சொல்கிறேன், இடம் விடாத பக்கத்தில் திருத்த முடியாது. ஒவ்வொரு தாளிலும் பக்க எண்ணும் தேதியும் போடுங்கள். எழுதியதை நேற்று போனில் பேசியவர்களில் ஒருவருக்காவது படித்துக் காட்டுங்கள், அல்லது ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் சொல்கிற திருத்தத்தை வேறு மையில் அந்த ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வருடத்தைப் பற்றி நீங்கள் ஒன்று சொல்லி அவர் வேறு சொன்னால், உங்களுடையதை அடித்துவிடாமல் இரண்டையும் வைத்து, யார் எதைச் சொன்னார் என்று பக்கத்தில் பேர் எழுதிவிடுங்கள்.